மூட்டு தேய்ந்த நாய்க்கு எவ்வளவு நடை?

மூட்டுவலி வந்த கிழட்டு நாயை அசையவிடாமல் படுக்கவைப்பது, பரிதாபப்பட்டுச் செய்கிற கெடுதல். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளே புரளும் திரவம்தான் அதற்கு ஊட்டம். அசைவு நின்றால் தசை வற்றிப்போகும். தசை தாங்க வேண்டிய பாரமும் தேய்ந்த மூட்டின் மேலேயே விழும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வர வாய்ப்புண்டு என்பதால், அவற்றிடம் கூடுதல் கவனம் தேவை.

ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் நடத்துவதைவிட, பத்துப் பதினைந்து நிமிடமாக மூன்று தடவை நடத்துவது மேல். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஓடவிடுவதுதான் ஆகாது. பந்து வீசி எடுத்துவரச் சொல்வதும் வேண்டாம். பாய்ந்து, சட்டென்று திரும்பும் அந்த நொடியில்தான் மூட்டு அடிபடுகிறது. நடை அளவாக இருந்ததா என்பது மறுநாள் காலையில் தெரியும். எழுந்திருக்கத் திணறினாலோ நொண்டினாலோ அன்றைய நடையைப் பாதியாக்க வேண்டும். சிரமமில்லை என்றால் வாரத்துக்குச் சில நிமிடங்கள் கூட்டலாம்.

கொல்கத்தாவில் நேரம் பார்ப்பதே பாதி வேலை. ஏப்ரல் முதல் மழை வரும்வரை வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும் நாய்க்குப் புழுக்கம் வெயிலைவிடப் பொல்லாதது. விடியற்காலையில் மைதானத்துப் புல்தரை உத்தமம். தார்ச்சாலை என்றால் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஏழு விநாடி தாங்காவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே, பிஸ்கட் துண்டைக் காட்டி உட்காரவைத்து எழுப்புவதும், தரையில் கிடத்திய துடைப்பங்களை மெதுவாகத் தாண்டவைப்பதும் போதும்.

வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் வேறொரு தொல்லை: செங்குத்தான படிகள், வழவழப்பான சிவப்பு சிமென்ட் தரை. பின்னங்கால் சறுக்கி விரிந்தால் ஒரு மாத நடையின் பலனும் போய்விடும். நாய் நடமாடும் வழியில் ரப்பர் பாயோ சாக்கோ விரிக்கலாம். படியேறும்போது அடிவயிற்றில் துண்டைச் சுற்றி, பின்பாரத்தைத் தூக்கிப் பிடிக்கலாம்.

தண்ணீருக்குள் நடப்பது இன்னும் இதம். இடுப்பளவு நீரில் நிற்கும் நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான். எடை குறைந்தால் தரையிலும் அந்தச் சலுகை ஓரளவு கிடைக்கும். 48 லாப்ரடார்களை ஆயுள் முழுவதும் கவனித்து 2002ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கால் பங்கு உணவு குறைத்துக் கொடுக்கப்பட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

நடந்தபின் வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்கக் கூடாது. நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ அவை கெடுத்துவிடும். நாய்க்கென்று வலி மாத்திரைகள் தனியே உண்டு. அவற்றின் அளவை எடை பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு காலை ஊன்றவே மறுத்தாலும், திடீரென்று பின்னங்கால்கள் இழுபட்டாலும், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.