பிக்கப் வண்டியின் ரேடியோ ஏரியலை இடம் மாற்றும் விதம்

முக்கொம்பு மேலணையைச் சுற்றிலும் காவிரிக் கரையில் வாழை பயிரிடும் மிராசுதாரர்கள் பலர், தார்களைத் திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகச் சொந்தத்தில் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். அவ்வண்டிகளில் ரேடியோ ஏரியல் கம்பி வளைந்தோ, ஒடிந்தோ, அரிவாளால் நறுக்கப்பட்டோ இருப்பதை அடிக்கடி காண்கிறேன். வாய்க்கால் கரைப் பாதையில் தாழ்ந்த புளியங்கிளைகள் கம்பியைப் பிடித்திழுக்கின்றன. பாரத்தின்மேல் வீசும் கயிறும் அதிலேயே சிக்குகிறது. நறுக்கிவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று எண்ணுவது இயல்பே.

ரேடியோ விளையாட்டுப் பொருள் அன்று. திருச்சி நிலையம் 1939-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல், அந்நிலையத்தின் விவசாய ஒலிபரப்பினால் பரவியபடியால், தஞ்சை ஜில்லாவில் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. நதி விஷயமோ இன்னும் முக்கியமானது. 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் உடைந்து போனதை இப்பக்கத்தார் மறவார். மேட்டூரில் நீர் திறக்கும் செய்தி கைப்பேசியிலும் வருகிறது. ஆயினும் வண்டி ஓட்டுகிறவர் அதைக் கையிலெடுத்துப் பார்ப்பது தகாது. காதால் கேட்பதே உசிதம்.

யானும் ஒரு பிழை செய்தேன். கிளைக்குப் பயந்து, கம்பியைக் கழற்றிப் பின்புறச் சாமான் தட்டின் மரச் சட்டத்தில் மாட்டி, நீளமான கேபிளை ஒட்டுப்போட்டு இணைத்தேன். எப்.எம். நிலையங்கள் ஓரளவு கேட்டன. மத்திய அலையிலோ இரைச்சலன்றி வேறொன்றும் இல்லை. அன்று மாலை நீர் திறப்பு அறிவிப்பு என் காதில் விழவில்லை. படுகையில் செய்முறைக்காக வைத்திருந்த எண்ணெய் எஞ்சினை மறுநாள் விடியலில் முழங்கால் நீரில் நின்று நால்வர் தூக்க வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. கம்பி மாத்திரம் ஏரியல் அன்று. வண்டியின் இரும்பு உடலும் அதன் மறு பாதியாக, ‘எர்த்து’ ஆக, வேலை செய்கிறது. மரத்தில் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர், கம்பிக்கு ஏற்ற அளவு. திருச்சியின் மத்திய அலையாகப் பலரும் அறிந்த 936 கிலோ ஹெர்ட்ஸின் அலையோ 320 மீட்டர் நீளமுடையது. அதற்கு எக்கம்பியும் மிகக் குட்டையானதே. பாதியாக்கினால் கிடைக்கும் மின்னழுத்தம் பாதிக்கும் கீழே போகிறது. நிலையத்துக்கு அருகில் இக்குறை தெரியாது. துறையூர், மணப்பாறைப் பக்கம் போகப் போகத் தெரியும். கேபிளை நீட்டினாலும் மத்திய அலைக்கு இதே நஷ்டம். சுருள் சுற்றிய குட்டை ரப்பர் ஏரியல் எப்.எம்.முக்குப் போதும், மத்திய அலைக்குப் போதாது.

ஆகையால் நறுக்காமல், காபின் கூரையின் முன் ஓரத்தில், மடங்கும் அடிப்பாகமுள்ள கம்பியைப் பொருத்துவதே என் அபிப்பிராயம். கிளை தட்டினால் சாயும். பாரம் ஏற்றும்போது கையால் மடக்கலாம். துளையிடுமுன் கூரையின் உட்புறத் துணியை இறக்கி, கீழே மின்சார வயர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துளையின் உட்புறத்தில் ஒரு காசளவு வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கச் செய்து, பல்லுள்ள வாஷரை அதன்மேல் இறுக்குக. கேபிளின் வெளிப் பின்னல் அவ்விரும்போடு சேரவேண்டும். இதைச் செய்யாமல் விடும் மெக்கானிக்குகளே அதிகம். வெளிப்புறம் ரப்பர் வாஷர் இல்லாவிடில் ஐப்பசி மழை உள்ளே இறங்கித் துருப் பிடிக்கும்.

பழைய மாதிரி செட்டுகள் சிலவற்றில் ஏரியல் துளைக்கருகே ஒரு சிறு திருகாணி உண்டு. கம்பியை மாற்றியபின், மத்திய அலையின் மேற்கோடியில், 1,400-க்குச் சமீபமாக, மெல்லிய ஒலியுள்ள ஒரு நிலையத்தைப் பிடித்து, ஒலி மிகப் பெரிதாகும் வரை அதைத் திருப்ப வேண்டும்.

பரீட்சிக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளையும் எரியவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் வந்தால் முதலில் கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல வண்டிகளில் குற்றவாளி அதுவே. அப்படியும் நிற்காவிடில் வாஷரை அவிழ்த்து, இரும்பை மறுபடி தேய்க்கவும்.