பழைய சேலையில் ஒரு பரிசு

வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன பரிசு கொடுக்கலாம்? பீகார் கிராமப் பெண்கள் பழைய சேலையில் விரிப்பு தைத்தார்கள். அதன் பெயர் சுஜனி.

பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து, வெயிலில் காய வைப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஓட்டுத் தையலால் இணைப்பார்கள். பலமுறை துவைத்த துணி மிருதுவானது. பிஞ்சு உடம்பை உறுத்தாது.

முசாப்பர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்ற கிராமம் உள்ளது. அங்குள்ள பெண்கள் 1988-க்குப் பிறகு சுஜனி தைத்து வருமானமும் தேடினார்கள். வரதட்சணைக் கொடுமையையும் நூலால் படமாக வரைந்தார்கள். வாயால் சொல்ல முடியாததை ஊசி சொன்னது! சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாமும் தைக்கலாமே! தைத்து முடித்ததும் ஊசிகளை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊசிகூடத் துணியில் தங்கிவிடக் கூடாது.