கழுவக் கழுவ இறந்த மீன்கள்

வீட்டிற் புதிதாக மீன்தொட்டி வைப்போர் பலருக்கும் முதற்கிழமையிலேயே ஒரு சோதனை நேர்வதுண்டு. முதல்நாள் பளிங்குபோல் இருந்த நீர், மூன்றாம் நாள் பால் கலந்தாற்போல் மங்கிவிடும். உடனே மீன்களை வாளிக்கு மாற்றி, கல்லையும் மணலையும் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பத் தோன்றும். பெரியமடுவில் எங்கள் வீட்டிலும் அவ்வாறே செய்தோம். மூன்று முறை கழுவினோம். பத்தாம் நாள் ஆறு கப்பி மீன்களில் ஒன்றேனும் எஞ்சவில்லை. என் மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தவறு எங்கே? மீன் தன் செவுள்வழியே அமோனியாவை ஓயாது வெளிவிடுகின்றது. உண்ணாது எஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே பிறக்கின்றது. நீர் எவ்வளவு தெளிவாயிருப்பினும் இந்நஞ்சு கண்ணுக்குப் புலனாகாது. ஒருவகை பக்டீரியா இதனை நைத்திரைற்றாக மாற்ற, மற்றொருவகை அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றது. நைத்திரைற்றும் நஞ்சே, நைத்திரேற்றோ அளவோடிருந்தால் மீனுக்குத் தீங்கற்றது, நீர்ப்பூண்டுக்கு உணவுமாவது. இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் பிரித்தெடுத்துக் காட்டினார். அவை கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. புதுத்தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். நாங்கள் தேய்த்துக் கழுவியது அவற்றைத்தான்! பால்போன்ற மங்கலோ வேறு பக்டீரியாக்களின் பெருக்கம். பெரும்பாலும் சில நாளில் தானே தெளியும்.

மன்னார்ப் பகுதியில் இன்னுமொரு சங்கடம் உண்டு. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் பெரும்பாலும் வன்மையும் காரத்தன்மையும் உடையது, வெயிலுங் கடுமை. நீரின் பி.எச். 7இலிருந்து 8ஆக உயருமாயின் அமோனியாவின் நச்சுவடிவம் ஏறக்குறையப் பத்து மடங்காகின்றது. மலைநாட்டின் குளிர்ந்த மென்னீரில் மீன் பொறுத்துக்கொள்ளும் பிழையை இங்குள்ள மீன் பொறுப்பதில்லை.

ஆதலால் தொடக்கத்தில் இரண்டொரு மீன்களே போதும். இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே தீனி இடுக. கிழமைக்கொருமுறை நீரில் ஐந்திலொரு பங்கை மாற்றுக. மீன் சோர்ந்து மேலே வந்து மூச்சுத் திணறினால் கூடுதலாகவும் மாற்றலாம். ஆனால் மணலைக் கிளறிக் கழுவலாகாது. பஞ்சினைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிக. குழாய்நீராயின் குளோரீன் நீங்க ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

1850ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயன அறிஞர் ரொபேட் வாரிங்டன் தாம் செய்த சோதனையொன்றை வெளியிட்டார். கண்ணாடிக் கலமொன்றில் இரண்டு தங்கமீன்களையும், நாடாபோன்ற இலையுள்ள வலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டையும் வளர்த்தார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. அவர் கலத்தைக் கவிழ்த்துக் கழுவவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலைத் தின்ன, நீர் தெளிந்தது. மடு என்றால் ஆழ்ந்த நீர்நிலை. அதை ஊர்ப்பெயராகவே கொண்ட எங்களுக்கு, மடுவை யாரும் கழுவுவதில்லை என்பது தோன்றாமற் போனதே!

மறுமுறை இரண்டே மீன்களோடு தொடங்கினோம். நண்பரொருவரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலும் வாங்கியிட்டோம். நீர் மங்கியது, கைகட்டிப் பார்த்திருந்தோம், ஐந்தாம் நாள் தெளிந்தது. இப்போது கண்ணாடியின் ஓரத்தில் பச்சைப்பாசி சற்றுப் படர்ந்திருக்கின்றது. அதைத் தேய்க்கத் துணியோடு வரும் தாயாரிடம், வேண்டாமென்று வாதாடுகின்றவன் என் மகன்தான்.