எண்ணெயிலுள்ள நுண்ணிய உலோகங்களை அளவிடும் முறை

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு உதவியாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் உள்ளது, அதன் வி.ஆர்.ஐ. மணிலாக்கொட்டை ரகங்களை இவ்வட்டாரக் குடியானவர்கள் நன்கறிவர். எண்ணெயைச் சோதிக்கும் இரசாயனசாலையிலும் பீங்கானுக்கு முக்கிய வேலையுண்டு.

செக்கிலிருந்து வரும் எண்ணெயில் செம்பு, இரும்பு, காரீயம் முதலியவை மிக நுண்ணிய அளவில் இருக்கக்கூடும். வித்திலுள்ள உலோகங்களில் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெயில் மிகுந்து காணப்பட்டால், இயந்திரத்தையும் பாத்திரத்தையுமே முதலில் சந்தேகிக்கவேண்டும். செம்பும் இரும்பும் எண்ணெய் காற்றுடன் கலந்து கெடுவதைத் துரிதப்படுத்தும். இவ்விரண்டில் செம்பே அதிகத் தீங்கானது. பித்தளை அண்டாவில் நெடுநாள் வைத்த எண்ணெய் பச்சை நிறங்கொண்டு காறல் நாற்றம் வீசுவதைப் பலர் கண்டிருப்பர். காரீயமோ உண்போரின் உடலுக்கே கேடு. குழந்தைகளை அது மிகுதியும் பாதிக்கும். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்தால் இவ்விஷம் சமையலறையிலேயே புகுந்துவிடும்.

சர்வதேச கோடெக்ஸ் நெறிகளின்படி, சுத்திகரிக்காத எண்ணெயில் கிலோவுக்குச் செம்பு 0.4 மில்லிகிராமும், இரும்பு 5 மில்லிகிராமும் மேல்வரம்பு. சுத்திகரித்த எண்ணெய்க்கு முறையே 0.1, 1.5 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவைக் காண்பது எங்ஙனம்?

பத்துக் கிராம் எண்ணெயைப் பீங்கான் மூசையில் நிறுத்து, மெதுவாகச் சூடேற்றிப் புகை அடங்கியபின், உலையில் ஏறக்குறைய 450 டிகிரி உஷ்ணத்தில் சாம்பலாக்குவர். உஷ்ணம் மிக உயர்ந்தால் காரீயம் ஆவியாய்ப் போய்விடும். சாம்பலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 25 மில்லிலிட்டராக்குவர். அக்கரைசலைச் சுவாலையில் தெளித்து, அந்தந்த உலோகத்தாலான விளக்கின் ஒளியை அதனூடே செலுத்தினால், அவ்வுலோகத்தின் அணுக்கள் ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சும். உறிஞ்சிய அளவை, அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டு விடை காண்பர். ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆலன் வால்ஷ் 1955-இல் இம்முறையை வெளியிட்டார். தற்காலத்தில் இதனினும் நுண்ணிய கருவிகளும் உள்ளன.

மூசையின் பூச்சிலிருந்தும் அமிலத்திலிருந்தும் உலோகம் சிறிது கசியலாமாதலால், எண்ணெயிடாத வெறும் மூசை ஒன்றையும் அதே வண்ணம் சோதிக்கவேண்டும். உதாரணமாக, எண்ணெய்க் கரைசலில் லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் செம்பு தெரிந்தால், கிலோ எண்ணெயில் 0.45 என்றாகும், சரக்கு வரம்பைத் தாண்டியதாகத் தோன்றும். வெறும் மூசையில் 0.04 இருந்ததெனின், அதைக் கழிக்க 0.35 ஆகும், சரக்குத் தேறிவிடும். இக்கழித்தலைச் செய்யாத அறிக்கையை மிராசுதார் ஏற்கவேண்டியதில்லை. கேட்டறிவது அவரது உரிமை.

மாதிரி எடுக்கும் கிராம அதிகாரிகள் பித்தளைக் கரண்டியையும் துருப்பிடித்த தகரத்தையும் தவிர்க்கவேண்டும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, வாலைநீரால் கழுவி உலர்த்திய பாலித்தீன் புட்டியே ஏற்றது. பீப்பாயை நன்கு கலக்கிய பின்பே எண்ணெயை எடுக்கவேண்டும். மண்டியில் உலோகம் மிகுந்திருக்கும். செக்கின் வகை, எண்ணெய் இருந்த பாத்திரம், ஆட்டிய நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டியனுப்புக.