ஒரே நாளில் ராமேசுவரம்: காலையில் கோவில்... மதியம் தனுஷ்கோடி!

ராமேசுவரம்:
காலையில் வந்து இறங்கி, இரவு ரெயிலில் ஊர் திரும்பும் திட்டத்தோடு ராமேசுவரம் தீவுக்கு வருவோர் ஏராளம். நேரத்தை சரியாக பிரிக்காவிட்டால் பாதி இடத்தை பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான்.

காரணம் ரெண்டு. ராமநாதசாமி கோவில் நடை பகல் 1 மணிக்கு சாத்தி, 3 மணிக்குத்தான் திறக்கும். தனுஷ்கோடிக்கோ பொழுது சாய்ந்தால் வண்டிகளை விட மாட்டார்கள்.

எனவே விடிந்ததும் அக்னி தீர்த்தத்தில் குளியல். அப்புறம் கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஈர உடையோடு சாமி சன்னதிக்கு போக முடியாது. மாற்று துணி கட்டாயம். செல்போனுக்கு அனுமதி இல்லை.

மதிய சாப்பாடு முடிந்ததும் தனுஷ்கோடிக்கு கிளம்பிடணும். முன்பு மணலில் வேனில் குலுங்கி போன இடம். 2017-ல் ரோடு திறந்த பிறகு அரிச்சல்முனை வரை, சுமார் 20 கி.மீ., காரிலேயே போகலாம்.

1964 டிசம்பர் புயலில் பாசஞ்சர் ரெயிலையும் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரையும் கடல் கொண்டு போனது இங்கேதான். இடிந்த சர்ச் சுவர்கள் இன்றும் சாட்சி.

அரிச்சல்முனையில் கடல் பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. ரெண்டு கடல் சேரும் இடம்; நீரோட்டம் இழுத்துவிடும். குழந்தைகள் கையை விடவே கூடாது. குளியல்தான் காலையிலேயே முடிந்ததே!

ரெயில் லேட்டாகி மதியம் வந்து சேர்ந்தால் தனுஷ்கோடியை முதலில் முடிக்கலாம். கோவில் இரவு வரை திறந்திருக்கும்.