மீன் தொட்டிச் செடிகளில் பாசி

வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது நம்மவர் வீடுகளில் பரவலாகிவிட்டது. பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கினாலும், ஈற்றில் அதைத் துப்புரவு செய்யும் வேலை உம்மாவின் தலையிலேயே விழுகிறது. உயிருள்ள செடிகளை நட்ட சகோதரிகள் பலர் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: எத்தனை தரம் தேய்த்தாலும் ஒரு கிழமையில் இலைகளில் மீண்டும் பாசி பிடிக்கிறது.

பாசி அருவருக்கத்தக்க அசுத்தமன்று. பாசியினால் நீர் நிறம் மாறினாலும் அதன் தூய்மைப்படுத்தும் தன்மை நீங்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். பள்ளிவாசல் ஹவ்ழில் பாசி கண்டு எவரும் வுழூவை விடுவதில்லை. ஆனால் செடிக்கு அது தீங்குதான். இலையை மூடி வெளிச்சத்தை மறைக்கிறது, இலை அழுகுகிறது, அழுகிய இலை பாசிக்கே உரமாகிறது.

பாசி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அளவு மீறிய உணவும் வெளிச்சமும்தான். காலையில் வாப்பா ஒரு பிடி போடுகிறார். பாடசாலை விட்டு வந்த மகன் ஒரு பிடி. விருந்துக்கு வந்த பிள்ளைகள் இன்னொரு பிடி. தின்று எஞ்சியதும் மீனின் கழிவும் கரைந்து பாசியை வளர்க்கின்றன. இப்பொறுப்பை ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்குமளவு போதும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நினைத்துச் சிலர் அள்ளிப் போடுகின்றனர். அந்த அச்சம் நல்லதே. ஆயினும் நீரைக் கெடுத்து மீனை மூச்சுத் திணற வைப்பதும் அவ்வுயிருக்குச் செய்யும் கொடுமையே.

தொட்டியில் வெயில் நேரே படக்கூடாது. விளக்கும் ஆறேழு மணித்தியாலம் எரிந்தால் போதும். அஸர் பாங்குடன் ஏற்றி இரவு 10 மணிக்கு அணைத்துவிட்டால் கணக்குச் சரி. நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்டி மரநிழல் விழும் நீரோடைகளில் வளரும் செடி. அதற்குக் கடும் வெளிச்சம் தேவையேயில்லை.

புதிய தொட்டியில் கபில நிறப் பொடிபோல் படிவதை விரலால் தடவினால் போய்விடும்; சில கிழமைகளில் தானாகவும் மறையும். பச்சை நூல்போல் வளர்வதைப் பழைய பல் பிரஷில் சுற்றி எடுக்கலாம். இலை விளிம்பில் கறுத்த தாடிபோல் பிடிப்பது தேய்த்துப் போகாது; அந்த இலையை அடியோடு வெட்டிவிடுங்கள். சவர்க்காரம் அறவே கூடாது.

கிழமைக்கொரு தடவை கால்வாசி நீரை மாற்றுங்கள். குழாய் நீரானால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரின் நீங்கிய பின் ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பொஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குழாய் நீரில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பக்டீரியாக்கள் மடிந்துவிடும். மிஞ்சிய நீரைப் பூச்சாடிகளுக்கு ஊற்றலாம்.

செம்பு கலந்த பாசி மருந்து நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். 'டேங்க் கிளீனர்' மீனை வாங்குவதும் வீண் வேலை. ஓரடிக்கு மேல் வளரும் அம்மீனின் கழிவே தொட்டிக்குச் சுமை. அலுத்துப்போய் ஆற்றிலும் குளத்திலும் கொண்டுபோய் விடுகின்றனர். தென்னமெரிக்காவுக்குரிய அம்மீன் இன்று நமது நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. ஏற்கனவே வளர்ப்பவர்கள், விற்ற கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.