உங்களுக்குத் தெரியுமா? மார்பில் தங்கும் கிளிப்

மார்பகத்தில் ஊசி வழியாகச் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்சி முடிந்ததும், எடுத்த இடத்தில் ஓர் உலோகத் துண்டை அடையாளமாக வைப்பது உண்டு. எள்ளளவுதான்: 2 அல்லது 3 மில்லிமீட்டர். பெரும்பாலும் டைட்டானியம், சிலவற்றில் துருப்பிடிக்காத எஃகு, சிலவற்றில் நிக்கல் கலந்த நிட்டினால். 1990களின் நடுப்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பயத்தோடு படுத்திருக்கும் நேரத்தில் இதைச் சொன்னாலும் மனதில் நிற்பதில்லை. அடுத்த மேமோகிராம் அறிக்கையில் ‘கிளிப்’ என்று படிக்கும்போது பலருக்கும் திக்கென்கிறது.

மேமோகிராமில் பொடிப்பொடியாகத் தெரியும் சுண்ணாம்புப் படிவுகள் பயாப்சியிலேயே முழுவதுமாக வெளியே வந்துவிடலாம். பிறகு முடிவு ‘புற்றுநோய்’ என்று வந்தால், சர்ஜன் எந்த இடத்தை வெட்டுவார்? அந்த இடத்தைக் காட்டுவது கிளிப்தான். ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் கிளிப்புக்கு வேலை உண்டு. அடுத்த ஆண்டு படம் பார்க்கும் டாக்டர் ‘இது ஏற்கெனவே சோதித்த இடம்’ என்று அறிவார். தேவையில்லாத இன்னொரு ஊசி மிச்சம்.

ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஹெர்-2 பாசிட்டிவ், டிரிப்பிள் நெகட்டிவ் வகைக் கட்டிகள் சிலருக்கு மருந்திலேயே கரைந்து, கையில் தட்டுப்படாமல், ஸ்கேனிலும் தெரியாமல் போய்விடும். சந்தோஷமான செய்திதான். ஆனாலும் கட்டி இருந்த இடத்தை எடுத்துச் சோதித்தால்தான் நோய் முழுக்கப் போனதா என்று உறுதியாகும். கீமோ தொடங்கும் முன் ‘கிளிப் வைத்தாயிற்றா?’ என்று கேட்பது நோயாளியின் உரிமை. கட்டி மறைந்தபின் கேட்டுப் பயனில்லை.

ரிப்பன், சுருள், இதயம், பட்டாம்பூச்சி என்று கிளிப்புகளுக்குப் பல வடிவங்கள். ஒரே மார்பில் இரண்டு மூன்று இடங்களில் பயாப்சி செய்தால் எது எந்த இடம் என்று படத்தில் பிரித்தறியத்தான்.

கிளிப் நகருமா? சில சமயம் நகரும். மேமோகிராம் தட்டுகளுக்கிடையே மார்பை அழுத்திவைத்து பயாப்சி செய்யும்போது, அழுத்தம் விடுபட்டதும் சதை விரிய, கிளிப் ஊசி போன பாதையிலேயே விலகிவிடலாம். அதனால்தான் முடிந்த கையோடு இன்னொரு படம் எடுக்கிறார்கள். விலகியிருந்தால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் சர்ஜன் கணக்கிட்டுக்கொள்வார்.

இனி, பலரைத் தூங்கவிடாத கேள்வி. ஆபரேஷன் முடிந்தபின்னும் படத்தில் உலோகம் தெரிகிறதே!

முதலில் அது எந்தக் கிளிப் என்று கேட்க வேண்டும். மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றும்போது, ரேடியேஷன் கொடுப்பவருக்கு இடம் காட்ட, அந்தக் குழியைச் சுற்றி சர்ஜனே டைட்டானியம் கிளிப்புகளை வைப்பதுண்டு. அவை அங்கேயே இருக்க வேண்டியவை.

பயாப்சி கிளிப்பின் கதை வேறு. வெட்டியெடுத்த சதையை ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே எடுத்து, கிளிப் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது முறை. இல்லாவிட்டால் காரணம் பலவாக இருக்கலாம்: முன்பே விலகியிருக்கலாம், வெட்டும்போது நழுவி உறிஞ்சுகுழாயில் போயிருக்கலாம், அல்லது உள்ளேயே நின்றிருக்கலாம். மார்பை முழுதாக எடுத்தபிறகும், அக்குள் ஓரத்திலோ நெஞ்சுச் சுவரை ஒட்டியோ இருந்த கிளிப் அரிதாகத் தங்கிவிடும். அந்த உலோகத்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் அது குறித்த இடம் வெளியே வந்ததா? பெண்கள் இந்தக் கேள்வியை விடாமல் கேட்க வேண்டும். பழைய பயாப்சியின் தழும்பு எடுத்த சதையில் காணப்பட்டதா, ஓரங்களில் நோய் இல்லையா என்று பேதாலஜி அறிக்கை சொல்லும். இரண்டும் சரியென்றால், கிளிப்புக்காக மட்டும் மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை என்பதே பொதுவான முடிவு. சரியில்லை என்றால் மறுபடி படம் எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. “சும்மா பயப்படாதீங்கம்மா” என்பது இதற்குப் பதிலாகாது.

அக்குளில் நோய் பரவிய நெறியிலும் (நிணநீர் முடிச்சு) கிளிப் வைக்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் மையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கீமோவுக்குப் பிறகு, நோய் முதலில் போய்ச் சேரும் முதல்நிலை (சென்டினல்) நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்தபோது, நோய் எஞ்சியிருந்தவர்களில் 10.1 சதவீதம் பேரிடம் அது கண்ணில் படாமல் போனது. கிளிப் வைத்த நெறியையும் தேடி எடுத்தபோது இந்த அளவு 2 சதவீதமாகக் குறைந்தது.

நிக்கல் நகை போட்டால் தோல் அரிக்குமா? பயாப்சிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்; நிக்கல் இல்லாத கிளிப் கிடைக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் பெரும்பாலான கிளிப்புகள் தடையில்லை. ஆனால் எந்தக் கம்பெனி, எந்த வடிவம் என்ற விவரம் பயாப்சி அறிக்கையில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் வராது. ஆஸ்பத்திரி மாறும்போது அந்தப் பக்கத்தையும் பழைய மேமோகிராம் படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.